ஐஸ் தொட்டியில் ஆறு மீன்

மார்ச் 3, 2025

காலையில் தொட்டி மீன்களை எண்ணினேன். ஆறு. சந்தேகம் வந்து மறுபடி எண்ணினேன். ஆறுதான். வலையில் ஆயிரம் மத்தி விழுந்த நாளில்கூட நான் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது விரல் நீளத்தில் ஆறு தங்க மீனை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் கணக்கெடுக்கிறேன்.

இவ்வளவு எழுதுவதற்குள் டீயில் ஆடை கட்டிவிட்டது.

மாலை வகுப்பில் தாரணி டீச்சர் எல்லோரையும் தினமும் ஏதாவது எழுதச் சொல்லியிருக்கிறார். “நான் ஒண்ணுமே பண்றதில்லையேம்மா, இன்னாத்த எழுதறது?” என்றேன். “அதையே எழுதுங்க ஐயா” என்றார். எழுத்து எனக்கு எழுபது வயதுக்கு மேல் வந்தது. ஆனால் புத்தகத் தமிழ் காதுக்குப் புதிதில்லை. கடலுக்குப் போனவன், ரேடியோவில் வானிலை அறிக்கை கேட்டே வளர்ந்தேன். பலத்த காற்று வீசக்கூடும், மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். அந்த மாதிரியே எழுதப் பார்க்கிறேன். கையெழுத்துதான் காற்றில் மாட்டிய படகு மாதிரி கோட்டுக்கு மேலேயும் கீழேயும் போகிறது.

மார்ச் 4

தொட்டியைப் பற்றி எழுத வேண்டும். அது என்னுடையது இல்லை. என் மனைவி கெங்கம்மாவுடையது.

வீட்டுக்குப் பின்னால், முருங்கை மரத்துக்குப் பக்கத்தில், செங்கல் வைத்து சிமெண்ட் பூசி, பாதி தரைக்குள் இறக்கிக் கட்டியது. விற்காமல் மிஞ்சிய மீனை ஐஸ் போட்டு வைப்பதற்காக. கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு காந்தி நகர், கஸ்தூர்பா நகர் தெருவெல்லாம் அவள் விற்றாள். நான் பிடித்ததைவிட அவள் விற்றது அதிகம். போன ஆடியில் முட்டி வீங்கியது. தலையில் பாரம் ஏற்றக் கூடாது, ஏற்றினால் நடையே போய்விடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் முன்னால் நன்றாகத் தலையாட்டினாள். வெளியே வந்ததும், “அந்தாளு இன்னா, கூடைய தூக்கிக்கினு தெருத்தெருவா போயிருக்கானா?” என்றாள்.

சித்திரையில் தடைக்காலம் தொடங்கும். மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று பெரிய படகுகள் கடலுக்குப் போகாத இரண்டு மாதம். அது முடிந்த மறுநாள் கூடையை எடுப்பேன் என்கிறாள். சொன்னால் எடுப்பாள். ஆனால் தொட்டி இல்லாமல் வியாபாரம் பண்ண முடியாது. மிஞ்சிய மீனை எங்கே வைப்பாள்?

ஆகவே தொட்டியை நிரப்பிவிட்டேன். என் மூளையை நினைத்து எனக்கே பெருமையாக இருக்கிறது. முதலில் வளர்ப்பு மீன் கடையில் போய் “இது எப்படி, ருசியா இருக்குமா?” என்று கேட்டது மட்டும் தப்பு. கடைக்காரர் இனாயத் பாய் என் கையிலிருந்த மீன் பையை வாங்கித் திரும்ப மேஜைமேல் வைத்துவிட்டு, “நைனா, நீ இன்னாத்துக்கு வாங்கற?” என்றார்.

மார்ச் 9

கெங்கம்மா பகுதியில் பலத்த காற்று வீசியது.

“என் தொட்டியில எவன கேட்டு தண்ணி ரொப்பின?”

“அழகுக்குதான்மே. பாரு, எப்பிடி மின்னுது.”

“குழம்புக்கு ஆவாது, கருவாட்டுக்கு ஆவாது. அழகுக்கு என்ன கட்டிக்கினியே, அத்தோட நிறுத்திக்க வேண்டியதுதான?”

கடைசியில் ஒரு பந்தயத்துக்கு வந்தாள். தடைக்காலம் முடியும்வரை பார்ப்பாள். அதற்குள் ஆறில் பாதிக்கு மேல் செத்துவிட்டால் தொட்டி அவளுடையது, நான் வாயைத் திறக்கக் கூடாது. பிழைத்தால் தொட்டி மீனுக்கு. “நீ மீன் புடிக்கிற ஆளு. நீ கைய வெச்சா எது உயிரோட இருந்துக்கீது?” என்றாள்.

வாய்விட்டுச் சிரித்தேன். மீனைப் பற்றி எனக்கா தெரியாது?

மார்ச் 14

ஒன்று செத்துவிட்டது.

மார்ச் 15

நேற்று தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. புதுத் தண்ணீர், மீனுக்குச் சந்தோஷமாக இருக்குமே என்று தொட்டியைச் சுத்தமாகத் தேய்த்துக் கழுவி, பிடித்த தண்ணீரை அப்படியே ஊற்றினேன். சந்தோஷத்தில் ஒன்று மல்லாந்துவிட்டது.

இனாயத் பாயிடம் போய்ச் சொன்னேன். லாரித் தண்ணீரில் பிளீச்சிங் இருக்குமாம். ஒரு நாள் டிரம்மில் திறந்து வைத்து, வாசனை போன பிறகுதான் ஊற்ற வேண்டுமாம். அதுவும் மொத்தமாக மாற்றக் கூடாது, வாரத்துக்குக் கால் தொட்டி போதும். சுவரில் இருக்கும் பச்சைப் பாசியைத் தேய்க்கவே கூடாதாம்.

“அயுக்கு இல்லியா அது?”

“உனுக்கு அயுக்கு. அதுக்கு வூடு.”

மீனவனுக்கு மீன்கடைக்காரர் பாடம் எடுக்கிறார். காது கொடுத்துக் கேட்டேன், வேறென்ன செய்வது? இன்னும் ஐந்து இருக்கின்றன.

மார்ச் 21

இன்று ஒரு பெரிய காரியம். பாடப் புத்தகம் இல்லாத ஒன்றை முதல் தடவையாக முழுதும் படித்தேன். மீன் தீவனப் பொட்டலத்தின் பின்னால் ஒட்டியிருந்த காகிதம். காலை நாஷ்டாவுக்குப் பிறகு ஆரம்பித்து, கெங்கம்மா சாப்பிடக் கூப்பிடுவதற்குள் முடித்துவிட்டேன்.

‘இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும் போடவும். மிஞ்சினால் நீர் கெடும்.’

நான் இதுவரை ஒவ்வொரு வேளையும் கை நிறைய அள்ளி வீசிக்கொண்டிருந்தேன், சுறாவுக்கு இரை போடுகிற மாதிரி. தொட்டி ஏன் கஞ்சி மாதிரி இருக்கிறது என்று இப்போது புரிகிறது. படிக்கத் தெரியாமல் இருந்திருந்தால் இந்த ஐந்தையும் சோறு போட்டே கொன்றிருப்பேன்.

காகிதத்தைக் கெங்கம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, “ஒரு வாட்டிகூட திக்காம படிச்சிட்ட” என்றாள். பிறகு, புகழ்ந்துவிட்டோமே என்று தோன்றியிருக்க வேண்டும். “மீன் தீனியதான?” என்றாள்.

ஏப்ரல் 2

ஐந்து. தண்ணீர் தெளிந்துவிட்டது.

ஏப்ரல் 15

தடைக்காலம் தொடங்கிவிட்டது. செபஸ்தியான் வந்தான். இருபது வருஷம் என்னோடு ஒரே படகில் வந்தவன். தொட்டியைச் சுற்றி வந்து குனிந்து பார்த்தான்.

“மச்சி, இத்த பொரிச்சா எண்ணெய்க்கு நஷ்டம்டா.”

“பொரிக்கிறதுக்கு இல்ல.”

“அப்புறம்?”

“சும்மா வெச்சிக்கறதுக்கு.”

“வாயில்லா ஜீவனாச்சே. நீ இன்னா பண்ணாலும் திருப்பிக் கேக்காது, அதான?” கெங்கம்மா இருந்த பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னான். அவள் உள்ளே இருந்தே, “அவரு வூட்ல கேக்கறதுக்கு ஆள் கீது, நீ டீய குடி” என்றாள்.

அவள் முட்டிக்கு இப்போது வாரம் ஒரு நாள் பயிற்சி. ஆட்டோவில் போய் வருகிறாள். தடைக்காலம் முடிவதற்குள் முட்டியைத் தயார் செய்கிறாள். நான் மீனைத் தயார் செய்கிறேன்.

மே 6

கத்திரி வெயில். தொட்டித் தண்ணீரில் கை வைத்தால் சுடுகிறது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குகின்றன. கெங்கம்மா பயிற்சிக்குப் போயிருக்கிறாள். இனாயத் பாய் கடை இன்று திறக்கவில்லை. பரவாயில்லை. வெயிலில் மீனை எப்படிக் காப்பாற்றுவது என்று எனக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாழ்க்கை முழுதும் அதைத்தானே செய்தேன். இதோ கிளம்புகிறேன்.

மே 7

எழுதக் கூடாது என்று நினைத்தேன். டீச்சர் தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார். எழுதுகிறேன்.

நேற்று ஐஸ் வாங்கினேன். அரை பார், முழுக் கட்டியில் பாதி. கட்டையால் உடைத்தேன். கை மறக்கவில்லை, ஒரே அளவாக உடைந்தது. தொட்டி முழுக்கப் பரப்பினேன். மேலே சாக்கை நனைத்துப் போட்டு மூடினேன். படகில் எப்படிச் செய்வேனோ அப்படியே. பிறகு முருங்கை நிழலில் உட்கார்ந்து பீடி பற்றவைத்தேன். மனதுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. மடையன்.

கெங்கம்மா ஆட்டோவில் வந்து இறங்கினாள். பின்பக்கம் வந்தாள். சாக்கைப் பார்த்தாள்.

“இன்னாயா இது?”

“ஐஸ் போட்டுக்கீறேன். வெயிலுக்கு.”

அவள் ஒரு நொடி என் முகத்தையே பார்த்தாள். சாக்கை இழுத்து எறிந்தாள். புடவையோடு தொட்டிக்குள் கையை விட்டு ஐஸை வாரி வாரி வெளியே போட்டாள்.

“யோவ், அது உயிரோட கீதுயா. செத்ததுக்குத்தான்யா ஐஸு!”

எனக்கு அப்போதுதான் — இன்னான்னு எழுதறது — எழுபத்தொரு வயசு, கடல்ல கெடந்தவன், மீனுன்னா ஐஸுன்னு கை தானா போயிடுச்சு. நான் பார்த்த மீனெல்லாம் படகுக்குள் வந்த மீன்தானே. படகுக்குள் வந்த பிறகு அதற்கு வேண்டியது ஐஸ் ஒன்றுதான். அதற்கு முன்னால் அதற்கு என்ன வேண்டியிருந்தது என்று நான் ஒரு நாளாவது யோசித்தேனா?

இரண்டு செத்துவிட்டன. இரண்டு அடியில் போய் ஒட்டிக்கொண்டு நின்றன. ஒன்று மேலே பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. மொத்தம் மூன்று செத்தாயிற்று. சாய்ந்து கிடந்த இதுவும் போய்விட்டால் நான்கு. பாதிக்கு மேல். தொட்டி அவளுடையது. அவளுக்கும் அது தெரியும்.

அவள் அலுமினிய அன்னக்கூடையை எடுத்து வரச் சொன்னாள். டிரம்மில் நிற்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றச் சொன்னாள். சாய்ந்த மீனை எடுத்து அதில் விட்டாள். தரையில் உட்காரக் கூடாது என்று அன்று காலையில்தான் அவளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். காலை நீட்டித் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு விரலால் மீனை நிமிர்த்திப் பிடித்து, தண்ணீரில் மெல்ல முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தாள். செவுளுக்குள் தண்ணீர் போகட்டும் என்று.

வாங்க வருகிறவர்களுக்குச் செவுளைத் தூக்கிச் சிவப்பைக் காட்டுவாளே, அதே விரல். இப்போது அந்த விரலால் செவுள் அசைகிறதா என்று தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வுடுமே,” என்றேன். “செத்தா தொட்டி உனுக்குதான். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

“கம்முனு குந்து.”

வெயில் சாயும்வரை அப்படியே இருந்தாள். நான் பக்கத்தில் ஐஸ் உருகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு போடும் நேரத்துக்கு மீன் அவள் விரலிலிருந்து நழுவி, ஒரு பக்கம் கோணிக்கொண்டு, தானாக நீந்தியது. கெங்கம்மாவைத் தூக்கி நிறுத்த எனக்கும், கூப்பிட்டதும் ஓடி வந்த செபஸ்தியானுக்கும் பெரிய பாடாகிவிட்டது.

மே 8

மூன்று. அதில் ஒன்று கோணலாகத்தான் நீந்துகிறது. காற்றில் சாய்ந்த பாய்மரம் மாதிரி. கெங்கம்மாவுக்கு முட்டி மறுபடி வீங்கியிருக்கிறது. அதைப் பற்றிப் பேசவில்லை. “அந்தக் கோணச்சி துண்ணுச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

மே 9

இனாயத் பாயிடம் ஒப்புக்கொண்டேன். அவர் சிரிப்பை அடக்குவதற்காகத் தீவனப் பொட்டலங்களை அடுக்க ஆரம்பித்தார். முடியவில்லை. “நைனா, மெய்யாலுமே சாக்கு போட்டு மூடினியா?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வெளியே வரக் கொஞ்ச நேரமானது.

தண்ணீரில் பாதியாவது நிழல் விழ வேண்டுமாம். கொஞ்சம் பாசிச்செடி போட வேண்டுமாம். மூச்சு வாங்கினால் சொம்பில் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினால் காற்று சேருமாம். இதில் எதற்குமே காசில்லை. ஐஸுக்குத்தான் காசு.

மே 22

மூன்று. காலை, மதியம், மாலை சொம்பால் ஊற்றுகிறேன். செபஸ்தியான் பார்த்துவிட்டு, “கோயில் அபிஷேகம் எப்போ முடியும்?” என்றான்.

ஜூன் 14

இன்றோடு தடைக்காலம் முடிகிறது. மூன்றும் உயிரோடு இருக்கின்றன. பந்தயத்தில் ஜெயித்தேன். யார் ஜெயிக்க வைத்தார்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் வாயைத் திறக்கவில்லை. பந்தயம் கிடக்கட்டும், கூடையை எடுக்கிறேன் என்று அவள் கிளம்பினால் நான் என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. இதை மார்ச் மாதமே யோசித்திருக்கலாம்.

ஜூன் 15

விடிவதற்கு முன்பே கெங்கம்மா எழுந்துவிட்டாள். பரணிலிருந்து கூடையை இறக்கினாள். குழாயடியில் வைத்துத் தேய்த்துக் கழுவினாள். நான் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தேன். மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். வாய் திறக்கவே வேண்டாம்.

கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல்வரை போனாள். தெருவில் படகு வந்துவிட்டது என்று பேசிக்கொண்டு போனார்கள். கொஞ்ச நேரம் நின்றாள். எவ்வளவு நேரம் என்று தெரியாது, நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திரும்பி வந்தாள். நேராகப் பின்பக்கம் போனாள். நான் எழுந்து போய்ப் பார்த்தபோது தொட்டியின் மூலையில் இரண்டு செங்கல்லுக்கு மேல் கூடையைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பக்கம்தான் வெயில் இறங்குது,” என்றாள். “கோணச்சி இங்கதான் நிக்கும்.”

ஜூன் 16

கூடை அங்கேயே இருக்கிறது.

ஜூலை 9

கெங்கம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறாள். முட்டி வலியா என்று கேட்டேன். “முட்டி கெடக்குது. ஒருத்தர்கூட நம்ம கைல பேரம் பேச மாட்டேன்றாங்கயா. ரெண்டு பேரு திட்டினாத்தான பொழுது போவும்?” என்றாள்.

கூடைதான் அவளுக்குப் பாரம் என்று நினைத்திருந்தேன். கூடையை இறக்கிவைத்ததுதான் பாரமாகிவிட்டது போலிருக்கிறது.

சாப்பிடும்போது, “இன்னொரு கரண்டி குழம்பு இன்னா வெல? கொறச்சிக் குடு” என்று கேட்டுப் பார்த்தேன். “மூஞ்ச பாரு” என்றாள். எனக்குப் பேரம் பேச வராது. படகில் இருந்தவனுக்கு எப்படி வரும்?

ஆகஸ்ட் 11

நேற்று ராத்திரி நல்ல மழை. காலையில் போய்ப் பார்த்தால் மற்ற இரண்டும் சேர்ந்து கோணச்சியை விரட்டு விரட்டு என்று விரட்டுகின்றன. வயிற்றில் இடிக்கின்றன. பாசிச்செடிக்குள் துரத்துகின்றன. பாவம், கோணலாக இருக்கிறதென்று அடிக்கின்றன போல. நொண்டியைக் கண்டால் உலகமே இப்படித்தான் என்று கோபம் வந்து, துடைப்பக் குச்சியை எடுத்து அவற்றை விலக்கப் போனேன்.

கெங்கம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எத்தனையோ மாதத்துக்கு அப்புறம் அப்படிச் சிரித்தாள்.

“யோவ், நாலு புள்ள பெத்தவன்தான நீ? அது அடிதடியா?”

குச்சியைக் கீழே போட்டேன். செடியெல்லாம் கடுகு மாதிரி, கண்ணாடி மாதிரி முட்டை.

ஆகஸ்ட் 12

பெரிய மீன்களே முட்டையைத் தின்றுவிடுமாம். இனாயத் பாய் சொன்னார். செபஸ்தியானிடமிருந்து மீன் அடைக்கிற வெள்ளைத் தெர்மாகோல் பெட்டி இரண்டு வாங்கிவந்து, முட்டை ஒட்டிய செடிகளை அதில் மாற்றினோம். ஐஸ் பெட்டி. கெங்கம்மா என்னைக் கிட்டே விடவில்லை. “உனுக்குத் தடக்காலம். கைய வெக்காத” என்றாள்.

ஆகஸ்ட் 16

பொரிந்துவிட்டது! நான் எழுதும்போது மறந்துபோய் அப்புறம் செருகுகிற கமா எல்லாம் அந்தப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவ்வளவு சின்னது. சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன.

ஆகஸ்ட் 20

கெங்கம்மா வெந்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் கட்டித் தண்ணீரில் அலசி ஊட்டுகிறாள். எனக்கு வெள்ளைக் கருதான் கிடைக்கிறது.

செப்டம்பர் 20

குஞ்சுகள் வளர்ந்துவிட்டன. ஆனால் எல்லாம் கறுப்பு. ஒன்றுகூடத் தங்க நிறம் இல்லை. அடையாற்றுச் சாக்கடையில் பிடித்த மாதிரி இருக்கின்றன. ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வாரமாக மனசு சரியில்லை. கெங்கம்மாவிடம் சொன்னேன். “உன் கைல வளந்தா உன் நெறந்தான வரும்?” என்றாள்.

இனாயத் பாய் சிரிக்காமல் சொன்னார்: முதலில் கறுப்பாகத்தான் இருக்கும். நிறம் மெல்ல ஏறும். ஏற்கெனவே ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரித்துவிட்ட பாவத்துக்காகப் பாசி கொஞ்சம் சும்மா கொடுத்தார்.

நவம்பர் 18

ஒன்றுக்கு வயிறு வெளுத்து ஆரஞ்சு ஏறியிருக்கிறது. கெங்கம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “முந்தாநாளே பாத்தேன்” என்றாள்.

டிசம்பர் 29

தாரணி டீச்சர் வீட்டுக்கு வந்தார். இந்த நோட்டைக் கொடுத்தேன். நின்றபடியே சில பக்கம் படித்தார். சிவப்புப் பேனாவை எடுக்கவில்லை. “மே மாசம் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு ஐயா” என்றார். பிறகு, “கமா மட்டும் இன்னும் அப்புறமாத்தான் வருது” என்றார்.

ஜனவரி 11, 2026

கஸ்தூர்பா நகர் மதுமதி அம்மா இன்று கெங்கம்மாவைத் தேடிக்கொண்டு வந்துவிட்டார். பழைய வாடிக்கை. ஒன்றரை வருஷமாக ஆளையே காணோமே என்று தெருத்தெருவாக விசாரித்துக் குப்பத்துக்கே வந்துவிட்டார். “நான் நின்னுட்டேம்மா. கூடைய தூக்கறதில்ல இப்ப” என்றாள் கெங்கம்மா. அந்த வார்த்தையை அவள் வாயிலிருந்து இன்றுதான் கேட்டேன். மழை நின்றுவிட்டது என்கிற மாதிரி சொன்னாள்.

மதுமதி அம்மா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். முக்கால்வாசி குஞ்சு நிறம் ஏறிவிட்டது.

“இது விக்கிறதா கெங்கம்மா?”

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கெங்கம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள்.

“பின்ன? காட்சிக்கா வெச்சிக்கீறேன்? ஜோடியா எடும்மா.”

விலை சொன்னாள். இனாயத் பாய் கடையைவிட அதிகம்.

“என்ன கெங்கம்மா, வஞ்சிரம் விலை சொல்ற? இத்தனூண்டு இருக்கு.”

“இத்தனூண்டா? கிட்ட வந்து பாரும்மா, எப்பிடி துள்ளுது! கடையில கண்ணாடிக்குள்ள மயங்கிக் கெடக்குமே, அதுவா இது? என் கையால முட்ட ஊட்டி வளத்தது.”

“பாதி குடுக்கறேன்.”

“பாதிக்கு வால் வேணா தர்ரேன்.”

எவ்வளவு நேரம் நடந்தது தெரியாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து நின்றுவிட்டார்கள். செபஸ்தியான் இரண்டு பக்கமும் ஏற்றிவிட்டான். கடைசியில் இரண்டு பேரும் நான்தான் ஜெயித்தேன் என்ற முகத்தோடு ஒரு விலைக்கு வந்தார்கள். கெங்கம்மா சின்ன வலையால் நல்லதாக ஒரு ஜோடியை அள்ளினாள். தண்ணீர்ப் பைக்குள் விட்டு முடிச்சுப் போடும் முன்னால், தலையைத் தூக்காமல் கேட்டாள்:

“முழுசாவே எடுத்துக்கறியா, வெட்டிக் குடுத்துடட்டுமா?”

மதுமதி அம்மா முடிச்சுப் போடாத பையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கெங்கம்மா தலையைத் தூக்கி எங்கள் எல்லோர் முகத்தையும் பார்த்தாள். என்ன சொன்னோம் என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். ஐஸ் போட்டவன் நான் மட்டும்தான் என்று இனி அவள் சொல்ல முடியாது.

சாயங்காலம் ஒரு அட்டையில் போர்டு எழுதச் சொன்னாள். ‘கெங்கம்மா மீன் கடை. உயிர் மீன் மட்டும்.’ பெரிய எழுத்தில், கோணாமல் எழுதினேன். தன் பேர் எங்கே என்று கேட்டாள். காட்டினேன். அதன்மேல் விரலை வைத்து ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு, “மை காயட்டும்” என்று வெயிலில் வைத்தாள்.

நாளைக்குப் பை தீர்ந்துவிடும். வாங்கி வர இப்போது இனாயத் பாய் கடைக்குக் கிளம்புகிறேன். செருப்பை மாட்டும்போது பின்பக்கத்திலிருந்து கெங்கம்மாவின் குரல் வருகிறது:

“யோவ், வரும்போது ஐஸ் கீஸ் வாங்கிக்கினு வந்துடாத!”